ஜெயிலுக்குள்ள இருக்கறவர்கிட்ட "உன் பொண்டாட்டி வேற வாழ்க்கை பாத்துட்டா"ன்னு எப்படி சொல்றது? அடிக்கடி கேக்குற கேள்விகள்

என் தம்பி 2013-ல உள்ள போனான். கொலை கேஸ், ஆயுள். வயக்காட்டு வரப்புத் தகராறுல ஆரம்பிச்சது, அந்தக் கதை இங்க வேண்டாம். அப்ப இருந்து நான் மனு பாக்க, அதாவது ஜெயில்ல பேர் குடுத்து அவன பாத்துப் பேச, போய்ட்டு வந்துட்டு இருக்கேன். மனு லைன்ல நிக்கிற பொம்பளைங்க நாங்க எல்லாத்தையும் பேசிப்போம், வக்கீல் பீஸு, பரோலு, யாருக்கு சுகர் கூடியிருக்கு, அண்ணா பிறந்த நாளுக்கு இந்த வருஷமாச்சும் விடுவாங்களா, எல்லாம். ஒரே ஒரு விஷயத்த மட்டும் தள்ளி கூட்டிட்டு போய் வேப்பமரத்தடியில வச்சுதான் கேப்பாங்க. "அக்கா, அவன் பொண்டாட்டி வேற ஒருத்தரோட இருக்கா, இவன்கிட்ட சொல்றதா வேண்டாமா?"

அந்தக் கேள்வியும் அது பின்னாடியே வர்ற மத்த கேள்விகளும்தான் கீழ இருக்கு. நான் வக்கீல் இல்ல, கவுன்சிலிங் குடுக்கறவளும் இல்ல. ஒன்றரை வருஷம் பொய் சொல்லி மாட்டிக்கிட்டவ, அவ்ளோதான்.

சொல்லித்தான் ஆகணுமா? தண்டனை முடிஞ்சு வெளிய வந்தப்புறம் தெரிஞ்சுக்கட்டுமே?

நீங்க சொல்லலன்னா அவருக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறீங்க பாருங்க, அங்கதான் தப்பு. ஜெயிலுக்குள்ள நியூஸ் போற வேகம் நம்ம ஊரு டீக்கடைய விட ஜாஸ்தி. உங்க ஊர்ல இருந்து எவனாச்சும் ஒரு சாராய கேஸ்ல ரிமாண்ட் ஆகி வருவான், வேற ஜெயில்ல இருந்து மாத்தி ஒருத்தன் வருவான், பக்கத்து செல்காரனோட அம்மா மனுவுல வந்து சொல்லிட்டு போகும், வாய்தாவுக்கு கோர்ட்டுக்கு போற அன்னைக்கு வராண்டாவுல சொந்தக்காரன் ஒருத்தன் நிப்பான். இதுல ஏதாவது ஒண்ணு நடக்கும்.

எங்க வீட்ல நடந்தத சொல்றேன். தம்பி பொண்டாட்டி 2019-ல திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு போனா. அங்க ஒருத்தரோட பழக்கமாகி அவரு கூடவே இருக்க ஆரம்பிச்சுட்டா, எங்களுக்கு அது மறு வருஷம் தை மாசமே தெரியும். சொல்லல. அவனும் ஒவ்வொரு மனுவுக்கும் எங்க பின்னாடி எட்டிப் பாத்து "ஏக்கா, அவ வரலியா?"ன்னு கேப்பான். லீவு கிடைக்கல, காய்ச்சல், பிள்ளைக்கு பரீட்சை, இப்படி மாத்தி மாத்தி சொன்னோம். அப்புறம் 2020 மார்ச்ல கொரோனான்னு மனுவே நிறுத்திட்டாங்க, சொல்லவே கூசுது, அது எங்களுக்கு வசதியா போச்சு. வீடியோ கால் வந்தப்புறம் சிக்னல் மேல பழிய போட்டோம்.

2021-ல எங்க பக்கத்து தெருக்காரன் ஒருத்தன் உள்ள போனான். சோத்துக்கு நிக்கிற வரிசையில, பத்து பேரு முன்னாடி, "என்னடே உன் பொண்டாட்டி திருப்பூர்ல புது வீடு பாத்துட்டாளாமே"ன்னு கேட்டுருக்கான். அடுத்த மனுவுக்கு நான் போறேன், தம்பி வந்து நின்னான், அழல, கத்தல. "அவ போனது கூட சரிக்கா. நீ எத்தன தடவ காய்ச்சல்னு சொன்ன? அவ நல்லாவணும்னு நான் வெள்ளிக்கிழமை தோறும் சாப்பிடாம இருந்தேன்க்கா"ன்னான். அதுக்கப்புறம் நாலு மாசம் என் மனுவுக்கு வரல. நான் போவேன், பேர் குடுப்பேன், வார்டர் வந்து "வரமாட்டேங்கறாம்மா"ம்பாரு, திரும்பி பஸ் ஏறுவேன்.

அதனால அவருக்கு எப்படியும் தெரியும். யாரு வாயில இருந்து, எந்த இடத்துல வச்சு தெரியணும்ங்கறது மட்டும்தான் உங்க கையில இருக்கு.

யார் சொல்லணும்? அவளா, நாங்களா?

அவளே சொன்னா ரொம்ப நல்லது. நேர்ல முடியலன்னா ஒரு லெட்டர். அவ கையெழுத்துல ரெண்டு பக்கம் வந்தா அதுக்கு இருக்கற மரியாதையே வேற, அவருக்கும் "எங்க வீட்டாளுங்க சேர்ந்து அவள விரட்டிட்டாங்க"ன்னு ஒரு சந்தேகம் வராது. ஆனா அவள கட்டாயப்படுத்தி இழுத்துட்டு போகாதீங்க, மனு கம்பிக்கு ரெண்டு பக்கமும் இருபது பேரு ஒருத்தர் மேல ஒருத்தர் கத்திட்டு இருக்கற எடத்துல, பாரா நிக்கிறவரு பாத்துட்டு இருக்கறப்ப, ஒரு பொம்பள அதைச் சொல்லணும்னு எதிர்பாக்கறது ரொம்ப ஜாஸ்தி.

அவ மாட்டேன்னுட்டா வீட்ல அவரு யாரை நம்புறாரோ அவங்க சொல்லணும். அம்மாவா இருக்கணும்னு இல்ல. பெரும்பாலும் அக்காவோ தங்கச்சியோ இல்ல கூடப் படிச்ச ஒருத்தனோ. அவகிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடுங்க, "நாங்க இந்த மாசம் சொல்லப் போறோம், நீ ஏதாவது சொல்லணும்னா சொல்லு"ன்னு. எங்க தம்பி பொண்டாட்டி, என்னை மதினின்னுதான் இன்னைக்கும் கூப்பிடுவா, நான் அப்படி அவகிட்ட கேட்டதே இல்ல. கேட்டிருந்தா ஒருவேளை அவளே எழுதியிருப்பா.

அவளே துரோகம் பண்ணிட்டா, அவகிட்ட என்ன கேக்க வேண்டியிருக்கு?

உங்க கோவம் புரியுது. எனக்கும் இருந்துச்சு. ஆனா கணக்க ஒருக்க எடுத்துப் பாருங்க. எங்க வீட்டுக் கணக்கு இது: அவளோட நகை பதினோரு பவுன், அதுல ஒன்பது பவுன் செஷன்ஸ் கோர்ட்டு வக்கீலுக்கும் ஹைகோர்ட் அப்பீலுக்கும் போச்சு. ஆறு வருஷம் கைக்குழந்தையத் தூக்கிட்டு மனு பாக்க வந்தா, விடிகாலை பஸ் புடிச்சு வந்து வெயில்ல நின்னு பத்து பதினஞ்சு நிமிஷம் பாத்துட்டு போவா. தெருவுல கொலைகாரன் பொண்டாட்டின்னு பேரு. வாடகைக்கு வீடு தரமாட்டேன்னான். அவளுக்கு அப்ப இருபத்தாறு வயசு. கொலை பண்ணது அவ இல்ல, ஆனா தண்டனைல பாதிய அவதான் அனுபவிச்சா.

இதெல்லாம் சொல்றது அவள ஞாயப்படுத்த இல்ல. சொல்லப் போறப்ப உங்க கோவத்தையும் சேர்த்து எடுத்துட்டு போனா அவருக்கு நியூஸ் போகாது, கோவம்தான் போகும். அந்தக் கோவத்த வச்சுட்டு அந்த மனுஷன் உள்ள என்ன பண்ணுவாரு? நமக்காவது வெளிய நடக்க ரோடு இருக்கு.

எப்ப சொல்றது?

உங்களுக்கு உறுதியா தெரிஞ்ச உடனே, ஆனா நாள் பாத்து. தீபாவளி பொங்கலுக்கு முந்தின மனு வேண்டாம், பண்டிகை நாளு உள்ள ரொம்ப கொடுமைன்னு தம்பி சொல்வான். தீர்ப்பு நாளுக்கோ அப்பீல் விசாரணைக்கோ முந்தின நாள் வேண்டாம். அடுத்தடுத்து ரெண்டு நாள் லீவு வர்ற மாதிரி இருந்தா அதுக்கு முன்னாடியும் வேண்டாம், மனு இருக்காது, ஆபீஸ்ல பேசறதுக்கு ஆளும் குறைவா இருக்கும். நீங்க சொன்ன அடுத்த வாரமே திரும்ப போய் பாக்க முடியற மாதிரி ஒரு வாரத்த எடுத்துக்குங்க. இது ரொம்ப முக்கியம். சொல்லிட்டு மூணு மாசம் ஆளே வராம போறது இருக்கே, அதுக்கு சொல்லாமலே இருந்திருக்கலாம்னு ஆயிடும்.

இதையெல்லாம் சாக்கா வச்சு தள்ளிப் போட்டுட்டே போகவும் கூடாது. நல்ல நாள்னு ஒண்ணு வரவே வராது, நாங்க ஒன்றரை வருஷம் தேடினோம்.

நேர்லயா, போன்லயா, லெட்டர்லயா?

நேர்லதான். ஜெயில் போன்ல பேசறது நிமிஷக் கணக்கு, பாதியில கட் ஆனா மீதிய அவரு ராத்திரி முழுக்க தானா நெனைச்சு நிரப்பிக்குவாரு. லெட்டர்னா ஆபீஸ்ல பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் உள்ள போகும், அது உங்களுக்கும் தெரியும் அவருக்கும் தெரியும், தன் பொண்டாட்டி விஷயத்த முதல்ல ஜெயில்காரங்க படிச்சாங்கன்னு ஒரு அவமானம் வேற. அவ எழுதற லெட்டர்னா பரவால்ல, அது அவ பேசற மாதிரி. நீங்க எழுதாதீங்க, போங்க.

தூரமா இருக்கு, காசில்ல, உடம்பு முடியலன்னா வீடியோ கால் அடுத்தபடி. அதுலயும் முதல் நிமிஷத்துலயே சொல்லிடுங்க. மனுவுலயும் இதேதான், பத்து நிமிஷம் மாடு கன்னு போட்டது மழை பெஞ்சதுன்னு பேசிட்டு டைம் முடியற நேரத்துல சொல்லிட்டு கெளம்பறது மகா பாவம். அந்தத் தப்பையும் ஒரு சொந்தக்காரங்க பண்ணி பாத்திருக்கேன், அந்த ஆளு கம்பிய புடிச்சுக்கிட்டு "என்ன சொன்ன, என்ன சொன்ன"ன்னு கேட்டுட்டே நின்னாரு, அடுத்த பேட்ச உள்ள விட்டுட்டாங்க.

என்ன வார்த்தைல சொல்றது? வாயே வரமாட்டேங்குது.

சின்னதா, நேரா. எனக்குத் திரும்ப ஒரு வாய்ப்பு கிடைச்சா இப்படி சொல்வேன்:

"தம்பி, ஒரு கஷ்டமான விஷயம் சொல்ல வந்திருக்கேன். அவ திருப்பூர்ல இன்னொருத்தரோட இருக்கா. எங்களுக்குத் தெரிஞ்சு இத்தன மாசம் ஆச்சு. பிள்ளை நல்லா இருக்கு, ஸ்கூலுக்குப் போகுது. நான் உன்ன பாக்க வந்துட்டேதான் இருப்பேன், அடுத்த செவ்வாக்கிழமை வர்றேன்."

இவ்ளோதான். அப்புறம் வாய மூடிட்டு அவரு பேசறத கேக்கணும், இதுதான் கஷ்டம். ஓடிட்டா, வச்சிக்கிட்டா, சீரழிஞ்சுட்டா மாதிரி வார்த்தை ஒண்ணு கூட வேண்டாம். "விடு, நாளைக்கே உனக்கு வேற பொண்ணு பாக்கறேன்"னு அம்மாமார் சொல்வாங்க, அதுவும் வேண்டாம், ஆயுள் தண்டனைல இருக்கறவனுக்கு அது ஆறுதலா கேக்காது. அந்த ஆளு யாரு, எந்த தெரு, எந்த கம்பெனி, இதெல்லாம் அவரு கேட்டாலும் "அது வேண்டாம்யா"ன்னு நிறுத்திடுங்க. பொய் சொல்ல வேண்டாம், தெரியாதுன்னு சொல்லாதீங்க, "தெரியும், சொல்லமாட்டேன்"னு சொல்லுங்க. உண்மையா இருக்கறதுன்னா தெரிஞ்ச அட்ரஸ எல்லாம் கொட்டணும்னு இல்ல.

எங்களுக்கே சந்தேகம்தான். அக்கம் பக்கத்துல பேசிக்கிறாங்க. அதைச் சொல்லணுமா?

கூடாது. வதந்திய மனுவுக்கு எடுத்துட்டு போகாதீங்க. முதல்ல அவகிட்ட கேளுங்க, மரியாதையா. வேலைக்குப் போற பொம்பள யாரோட பைக்ல வந்து இறங்கினாலும் கதை கட்ற ஊருதானே நம்ம ஊரு.

நாங்க இன்னும் சொல்லல, ஆனா அவரே நேரா கேட்டுட்டாரு. என்ன பண்றது?

கேட்டுட்டாருன்னா ஏற்கனவே பாதி தெரியும்னு அர்த்தம். அந்த நிமிஷம் பொய் சொன்னீங்கன்னா அப்புறம் நீங்க சொல்ற எதையும் நம்ப மாட்டாரு, வக்கீல் சொன்னார்னு சொன்னா கூட நம்ப மாட்டாரு. "ஆமா. சொல்லத் தைரியம் இல்லாம இருந்தேன், தப்பு என் மேல"ன்னு சொல்லிடுங்க.

சொன்னா ஏதாவது பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்கு.

இந்தப் பயம் ஞாயமானது, லேசா எடுத்துக்காதீங்க. 2022-ம் வருஷத்து தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியா முழுக்க சிறைகள்ல இயற்கைக்கு மாறான சாவு 159, அதுல 119 தற்கொலை. எத்தனை வீட்டு நியூஸ் அதுக்குப் பின்னாடி இருக்கோ. 2017 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, 1382 சிறைகளோட நிலைமை பத்தின வழக்குல, உள்ள இருக்கறவங்களுக்கு கவுன்சிலிங் ஆளுங்களப் போடணும், முக்கியமா முதல் தடவ வந்தவங்களுக்கு, வீட்டாளுங்க வந்து பாக்கறத ஊக்கப்படுத்தணும், நேரத்த கூட்ட முடியுமான்னு பாக்கணும், போன் வீடியோ வசதி செய்யணும்னெல்லாம் சொல்லியிருக்கு.

அதனால இப்படி செய்ங்க. சொல்றதுக்கு முன்னாடி ஜெயில் நல அலுவலர பாருங்க, மத்திய சிறைகள்ல அந்தப் போஸ்ட் இருக்கு, மனோதத்துவம் படிச்ச ஆளும் இருப்பாங்க. "இன்னைக்கு மனுவுல இப்படி ஒரு விஷயம் சொல்லப் போறேன், கொஞ்ச நாள் கவனிச்சுக்கோங்க சார், தனி செல்ல போடாதீங்க"ன்னு வாயால சொல்லி, ஒரு விண்ணப்பமா எழுதியும் குடுத்துடுங்க. வெக்கப்படாதீங்க, இந்தக் கதை அவங்களுக்குப் புதுசில்ல. கூட இருக்கற செல்காரங்கள்ல வயசான ஆளு, அவருக்கு நெருக்கமானவரு யாராச்சும் இருந்தா அவரு வீட்டாளுங்க மூலமா அவரு காதுலயும் போட்டு வைங்க. என் தம்பிய அந்த நாலு மாசம் பாத்துக்கிட்டது மதுரை பக்கத்து தாத்தா ஒருத்தர்தான், பக்கத்துல படுத்துக்கிட்டு ராத்திரி எழுந்தா கூடவே எழுந்துப்பாராம்.

மனுவுல அவரு "இனி வராத, பிள்ளைய பாத்துக்கோ, எனக்கு ஒண்ணும் வேண்டாம்"ங்கற மாதிரி விடைபெற்ற மாதிரி பேசினா வெளிய வந்து பஸ் ஏறாதீங்க. திரும்ப உள்ள போய் ஆபீஸ்ல சொல்லிட்டு போங்க. வெளிய இருக்கற உங்களுக்கும் மனசு தாங்கலன்னா 14416, அரசாங்கத்தோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். 104-ம் இருக்கு.

"வெளிய வந்தா ரெண்டு பேரையும் வெட்டிடுவேன்"ங்கறாரு.

முதல் நாள் எல்லாருமே சொல்றதுதான், அதுக்காக காத்துல விடவும் முடியாது. ரெண்டு மூணு மனுவுக்கு அப்புறமும் அதே பேச்சுன்னா, பேரு தெரு எல்லாம் விசாரிச்சு ஆள் அனுப்பறேன்னா, அவகிட்ட சொல்லி உஷார் பண்ணுங்க. இதுல உங்களுக்கு தம்பி பாசம் குறுக்க வரும். எனக்கும் வந்துச்சு, ஆனா இன்னொரு கொலை கேஸுக்கு வக்கீல் பீஸ் குடுக்க எங்க வீட்ல நகை மீதி இல்ல, அதையே அவன்கிட்டயும் சொன்னேன். கொஞ்சம் சிரிச்சான்.

பரோல்ல வரப் போறாரு. வந்தப்புறம் வீட்ல வச்சு பக்குவமா சொல்லிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டுல பரோல் எல்லாம் 1982-ம் வருஷத்து தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் படிதான், சாதாரண விடுப்பு கேக்கவே மூணு வருஷம் உள்ள இருந்திருக்கணும், அவசர விடுப்பு சாவு, சீரியஸ் நோய், கல்யாணம் மாதிரி காரியத்துக்கு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பாரு, போலீஸ் ரிப்போர்ட்டும் போகும். அந்த விசாரணைல "மனைவி எங்க?"ன்னு கேப்பாங்க, அப்ப நீங்க என்ன சொல்லுவீங்க? அங்க ஒண்ணு இங்க ஒண்ணு சொன்னா பரோலே சிக்கலாகும்.

அத விடுங்க, வழிக்காவலுக்கு கூட போலீஸ் இல்லாம வர்றவரு பஸ் ஸ்டாண்டுல இறங்கி வீட்டு வாசல்ல வந்து நிக்கிறப்ப பொண்டாட்டி இல்லன்னா, அந்த நிமிஷம் அவரு கையில பரோல் நாளும் இருக்கு, கோவமும் இருக்கு. பரோல் மனு போடறதுக்கு முன்னாடியே சொல்லி, கொதிப்பு அடங்க சில மாசம் விட்டு, அப்புறம் போடுங்க. எங்களுக்கு பரோல் ஒரு வருஷம் தள்ளிப் போச்சு, எங்க அம்மா அதுக்காக என்னை எவ்ளோ திட்டியிருப்பாங்க தெரியுமா.

அவ பண்ணது குற்றம் இல்லையா? போலீஸ்ல குடுக்கலாமா?

ஒருத்தரோட சேர்ந்து இருக்கறது குற்றம் இல்ல. கள்ள உறவ குற்றம்னு சொன்ன இந்திய தண்டனைச் சட்டத்து பழைய 497-வது பிரிவ சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 27-ல ரத்து பண்ணிடுச்சு. விவாகரத்து வாங்க அது ஒரு காரணமாகும், அவ்ளோதான். ஆனா விவாகரத்து வாங்காம முறைப்படி இன்னொரு கல்யாணம் பண்ணா அது வேற, அந்தக் கல்யாணமே செல்லாது, குற்றமும் கூட, முன்ன அதே சட்டத்துல 494-வது பிரிவுன்னு இருந்தது 2024 ஜூலைல இருந்து புது சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவுல 82-வது பிரிவு. அதுலயும் பாதிக்கப்பட்ட புருஷன்தான் கோர்ட்ல புகார் குடுக்கணும், ஸ்டேஷன்ல போய் நீங்க கத்துறதுல ஒண்ணும் ஆகாது.

ஜெயிலுக்குப் போயிட்டாலே தானா விவாகரத்து ஆயிடும்ங்கறாங்களே?

தானா எதுவும் ஆகாது. இந்து திருமணச் சட்டம் 1955-ல புருஷன் ஜெயில்ல இருக்கான்ங்கறது மட்டும் விவாகரத்துக்கு காரணமா இல்லவே இல்ல. 1954 சிறப்புத் திருமணச் சட்டத்துல பதிவு பண்ண கல்யாணம்னா ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை இருந்தா அது ஒரு காரணம். முஸ்லிம் பொண்ணுங்களுக்கு 1939 சட்டத்துல அதே ஏழு வருஷம், தண்டனை முடிவாகி இருக்கணும்.

நம்மள மாதிரி வீட்ல நடைமுறைல சுலபமானது ரெண்டு பேரும் சம்மதிச்சு பிரியறது, இந்து திருமணச் சட்டத்துல 13பி பிரிவு. ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், ஜெயில்ல இருக்கறதால மட்டும் அது பிரிஞ்சு இருக்கறதா ஆகுமான்னு வக்கீல்கிட்ட கேட்டுக்குங்க. மனு போட்டப்புறம் ஆறு மாசம் காத்திருக்கச் சொல்லுவாங்க, அந்த ஆறு மாசத்த கோர்ட் தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. காவல்ல இருக்கறவங்களுக்கும் பொம்பளைங்களுக்கும் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட கோர்ட்லயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், போன்ல 15100. ஆனா சொன்ன அன்னைக்கே வக்காலத்துல கையெழுத்து வாங்கற வேலை வேண்டாம், ஒரு ஆறு மாசம் போகட்டும்.

பிள்ளைய என்ன பண்றது? மனுவுக்கு கூட்டிட்டு போகலாமா?

சொல்ற அன்னைக்கு கூட்டிட்டு போகாதீங்க. மத்தபடி கண்டிப்பா கூட்டிட்டு போங்க, அவகிட்ட கேட்டு. எங்க பாப்பா வருஷ லீவுல எங்க வீட்டுக்கு வரும், அத்தைன்னு என்கூட ஒட்டிக்கும், நான் கூட்டிட்டு போவேன். ஒரே ஒரு விஷயம், பிள்ளைய சாட்சி ஆக்காதீங்க. "அந்த மாமா வீட்ல தூங்குவாரா"ன்னு அப்பன் கேட்டா பிள்ளை என்ன சொல்லும் பாவம். நான் முன்னாடியே தம்பிகிட்ட சொல்லிட்டேன், ஸ்கூலு, மார்க்கு, சைக்கிளு, இத மட்டும் கேளுன்னு. பாப்பாகிட்டயும் "அப்பாவுக்கு எல்லாம் தெரியும், நீ எதையும் ஒளிக்க வேண்டாம், சொல்லவும் வேண்டாம்"னு சொன்னேன். எட்டு வயசு அதுக்கு அப்ப. பெருமூச்சு விட்டுச்சு, பெரிய மனுஷி மாதிரி.

எங்க அம்மா, நான் செத்தாலும் சொல்லக்கூடாதுங்கறாங்க.

எங்க அம்மாவும் அதேதான். அவங்க பயம், விஷயம் தெரிஞ்சா மகன் உடைஞ்சுடுவான், அப்புறம் நாம உயிரோட இருந்து பாக்க முடியாது. வயசானவங்கள எதிர்த்து வாதாட வேண்டாம், "நீ சொல்ல வேண்டாம்மா, நான் சொல்றேன், நீ அடுத்த வாரம் வந்து முகத்த மட்டும் காட்டு"ன்னு பிரிச்சுக்கோங்க. அம்மா வந்து ஒண்ணும் பேசாம அழுதுட்டு போறதும் ஒரு வேலைதான்.

ரிமாண்ட்ல இருக்காரு, இல்ல குண்டாஸ்ல இருக்காரு, ஒரு வருஷத்துக்குள்ள வந்துடுவாரு. அப்பவுமா?

அப்ப இன்னும் சீக்கிரம் சொல்லணும். ஜாமீன்ல திடீர்னு ஒரு சாயங்காலம் வந்து நின்னா?

உள்ள இருக்கறது பொண்ணு, புருஷன் வேற கல்யாணம் பண்ணிட்டான். இதே மாதிரிதானா?

வலி அதேதான், நெலமை இன்னும் மோசம். ஆம்பளைங்க ஜெயில் வாசல்ல பொண்டாட்டிமார் வரிசை நிக்கும், பொம்பளைங்க ஜெயில் வாசல்ல போய் பாருங்க, அம்மாவும் அக்கா தங்கச்சியும்தான், புருஷன்மார் விரல் விட்டு எண்ணிடலாம். கூடவே அந்தப் பொண்ணுக்கு முதல் கேள்வி அவன பத்தி இருக்காது, "என் பிள்ளைங்க யாருகிட்ட இருக்கு?"ன்னுதான் இருக்கும். அதுக்குப் பதில் தயார் பண்ணாம போகாதீங்க. பிள்ளைங்கள பாத்துட்டு, ஒரு போட்டோ எடுத்து கையில வச்சுட்டு போங்க.

சொல்லிட்டோம். இப்ப எங்க கூட பேச மாட்டேங்கறாரு.

போய்க்கிட்டே இருங்க. வரமாட்டேன்னாலும் போய் பேர குடுங்க, நீங்க வந்து போனது அவருக்குத் தெரியும். கேன்டீன் காச நிறுத்தாதீங்க. நாலாவது மாசம் தம்பி வந்து நின்னப்ப முதல் வார்த்தை "பஸ் சார்ஜ் ஏறிடுச்சாமே"ங்கறது. ஒவ்வொரு தடவையும் எண்ணிட்டு இருந்திருக்கான்.

அதுக்கப்புறம் எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். அவன் எது கேட்டாலும் உள்ளது உள்ளபடி சொல்வேன், கேக்காதத நானா சொல்ல மாட்டேன், சாவு நோய் தவிர. அம்மாவுக்கு பக்கவாதம் வந்தப்ப அன்னைக்கே போன் வரவும் சொல்லிட்டேன்.

அவளுக்குக் குடுன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருக்காரு. கொண்டு போய் குடுக்கலாமா?

திட்டி, மிரட்டி எழுதியிருந்தா குடுக்காதீங்க, அவர்கிட்டயே "இத நான் எடுத்துட்டு போக மாட்டேன்"னு சொல்லிடுங்க, கிழிச்சு போட்டுட்டு குடுத்துட்டேன்னு பொய் சொல்லாதீங்க. அப்படி இல்லன்னா அவகிட்ட முதல்ல கேளுங்க, வாங்கிக்கறியான்னு.

எனக்கும் ஒண்ணு வந்துச்சு, 2023-ல. மூணா மடிச்ச ஒரு பேப்பர். நான் படிக்கல, ஆபீஸ்ல படிச்சுட்டு சீல் போட்டிருந்தாங்க, அதுவே போதும்னு இருந்துச்சு. திருப்பூர் போனப்ப அவ கம்பெனி டீ டைம்ல வெளிய வந்தா. "வாங்கிக்கிறியா"ன்னேன். கைய சேலைல தொடச்சுட்டு வாங்கி டிபன் டப்பாவுக்கு அடியில வச்சுக்கிட்டா, "மதினி டீ குடிக்கிறீங்களா"ன்னா. குடிச்சோம். பிரிச்சுப் படிச்சாளான்னு நான் இன்னும் கேக்கல. தம்பியும் கேக்கல.